சிம் இல்லாத வீடு

3 நவம்பர் 2003, திங்கள்

இதை வெளியில் சொன்னால் கோவில்பட்டியில் தலைகாட்ட முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இன்று வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில், நூற்றுச் சொச்சம் பேர் பார்க்க, உயிரில்லாத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு என் பெண்டாட்டியோடு மூன்று நிமிடம் பேசினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செல்போன் கடை வைத்திருக்கும் குமரகுருபரனாகிய நான், நாற்பத்தேழு வயதில் மேடையேறி, எங்கள் போனில் பேசினால் எதிராளி பக்கத்திலேயே நிற்பது போலக் கேட்கும் என்று முழங்கினேன். சங்கத் தலைவர் சும்மா இருந்திருக்கலாம். "எங்க, ஒரு போன் போட்டுக் காட்டுங்க அண்ணாச்சி" என்றார். போட்டேன். டவர் கம்பி ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்துக் கட்டடம்; சுவர் இரண்டடி கனம். எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். வேறு வழி?

"ஹலோ, வடிவா? ஆமா, கூட்டத்துலதான் இருக்கேன். ஆகா, பக்கத்துல நிக்கிற மாதிரியே கேக்குது! என்ன, ராத்திரிக்கு ரவா தோசையா? சட்னி தக்காளியே போதும். வச்சிரட்டா?"

கைதட்டல். கும்பிட்டு நிமிர்ந்தால், வாசல் பக்கம் தோளில் இன்சூரன்ஸ் பையோடு வடிவு நிற்கிறாள். தலைவருக்குப் பிரீமிய ரசீது கொடுக்க வந்திருக்கிறாள். அவளும் கைதட்டினாள்.

வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரவா தோசை. தக்காளிச் சட்னி.

5 நவம்பர், புதன்

எனக்கும் பால்துரைக்கும் நடப்பது சண்டை இல்லை, தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு. வருங்காலத்தில் யாராவது இந்த டைரியைப் படித்தால் புரியவேண்டும் என்று எழுதுகிறேன்.

அவனும் நானும் பன்னிரண்டு வருடம் ஒரே எஸ்.டி.டி. பூத்தில் கூட்டாளிகள். செல்போன் வந்தது. ஜி.எஸ்.எம். என்று ஒரு வகை, சி.டி.எம்.ஏ. என்று ஒரு வகை. அவன் சிம் கட்சிக்குப் போனான். நகத்தளவு அட்டையைப் போனில் செருகவேண்டும், வேண்டுமென்றால் பிடுங்கி வேறு போனில் போட்டுக்கொள்ளலாம். நான் சிம் இல்லாக் கட்சி. எங்கள் நம்பரைக் கம்பெனியே போனுக்குள் எழுதி அனுப்பிவிடும், பிரிக்க முடியாது. வாடிக்கையாளரிடம் நான் சொல்வது: "இன்னைக்குச் சிம்மை மாத்துறவன் நாளைக்கு என்னத்தையெல்லாம் மாத்துவான்னு யோசிங்க." பெண்களிடம் நன்றாக எடுபடுகிறது.

பதிலுக்குப் பால்துரை பரப்புவது: "குரு அண்ணாச்சி போன் ஊர் எல்லை தாண்டுனா வெறும் கைக்கடிகாரம். மணி மட்டும் பாத்துக்கிடலாம்." இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

கடையை நடுவில் பிளைவுட் வைத்துப் பிரித்துக்கொண்டோம். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவன். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும்.

இப்போது நெருக்கடி. டிசம்பர் 31-க்குள் நூறு கனெக்‌ஷன் விற்காவிட்டால் ஏஜென்சி போய்விடும். இன்றைய தேதிக்கு முப்பத்தொன்று. ஒப்பந்தத்தில் பதினான்காவது விதி வேறு: டீலரோ அவர் குடும்பத்தாரோ போட்டிக் கம்பெனியின் இணைப்பு வைத்திருந்தால் அன்றோடு ஏஜென்சி ரத்து. இதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நம் வீடு சிம் இல்லாத வீடு.

8 நவம்பர், சனி

வடிவோடு சின்ன வாக்குவாதம்.

டீலர் பெண்டாட்டி என்பதால் அவளிடம் இருப்பதும் எங்கள் கம்பெனி போன். இன்சூரன்ஸ் ஏஜென்டாக முந்நூறு பேருக்கு மேல் பாலிசி போட்டுக் கொடுத்திருக்கிறாள்; நாள் முழுக்கப் பேச்சுதான். எங்கள் தெருவில் டவர் கொஞ்சம் கூச்ச சுபாவம், வீட்டுக்குள் வராது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிழக்கே பார்த்து நின்று, போனைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் அருமையாக வரும். இந்த இடத்தை நானே கண்டுபிடித்துச் சாக்பீஸில் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவ படி ஏற முடியலங்க. முழங்கால் விட்டுப்போச்சு."

"படி ஏறுறது இதயத்துக்கு நல்லது."

"மந்தித்தோப்பு அன்னத்தாய் புருஷன் லாரில அடிபட்டு மதுரைல கெடக்கார். என்ன பேப்பர் வேணும், எங்க போகணும்னு கேக்க அந்தப் பிள்ள எனக்கு ஆறு தடவ போன் போட்டிருக்கா. ஆறு தடவ. நான் கீழ சோறு வடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"புது டவர் போடுறாங்கல்ல?"

"ஆடியிலருந்து போடுறாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பேச்சு இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

9 நவம்பர், ஞாயிறு

காஸ் சிலிண்டர் மாற்றினேன். கரண்ட் பில் அட்டையைக் காணோம் என்று தேடினேன், வடிவு வைத்திருந்தாள். வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வடிவு ஒரு கட்டுக் காகிதம் நீட்டினாள், பாலிசிச் சமாச்சாரம். பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எதையும் படிக்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுவது? எனக்கு எப்போதும் பச்சை மைதான். கெஜட்டட் ஆபீசர் இல்லைதான், ஆனால் அந்த மையில் போட்டால் கையெழுத்துக்கு ஒரு தோரணை வருகிறது. ஊரில் வேறு எந்தக் கடைக்காரனுக்கும் இந்தத் துணிச்சல் இல்லை.

13 நவம்பர், வியாழன்

வடிவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது. மூன்று நாளாக மொட்டைமாடிக்கே போகவில்லை. தைலம் வாங்கிக் கொடுத்தது நான்.

புதிதாக ரேடியோப் பித்தும் பிடித்திருக்கிறது. என் பழைய டிரான்சிஸ்டரைத் தூசி தட்டிக் கூடத்து அலமாரியில் வைத்து நாள் முழுக்கப் பாடவிடுகிறாள். அதிலும் எனக்குப் பெருமையான விஷயம்: ரேடியோவுக்கு அடியில் மணை போல எங்கள் கம்பெனி ஹேண்ட்செட் வந்த காலிப் பெட்டியை வைத்திருக்கிறாள். கூடத்துக்கு யார் வந்தாலும் கம்பெனி பெயர் கண்ணில் படும். சொல்லாமலே விளம்பரம்.

15 நவம்பர், சனி

இன்று கடையில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு.

கடலைமிட்டாய் கம்பெனிக் கணக்கர் ஒருவர் விசாரிக்க வந்தார். அவரிடம் இருந்தது சிம் போன். மேசை மேல் வைத்தார். பக்கத்தில் என் கடை ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ரேடியோ 'டட்டட்... டட்டட்... டர்ர்ர்' என்று வலிப்பு வந்ததுபோல் இழுத்தது. அடுத்த நொடி அவர் போன் அடித்தது. அவர் போன பின் டீக்கடை மாஸ்டரின் சிம் போனை வாங்கிச் சோதித்தேன். ஒவ்வொரு அழைப்புக்கும் அதே இழுப்பு. எங்கள் போனை வைத்தால் ரேடியோ சாமி கும்பிடுவதுபோல் அமைதியாக இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் அதை வியாபாரமாக்கிவிட்டேன். யார் சிம் போனோடு வந்தாலும் ரேடியோ பக்கத்தில் வைக்கச் சொல்லி, நானே அந்த நம்பருக்கு அடித்து, "கேட்டீங்களா? ரேடியோவுக்கே இப்படின்னா உங்க மண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு நெனச்சுப் பாருங்க" என்கிறேன். இரண்டு பேர் அங்கேயே மாறினார்கள்.

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பால்துரை: "அண்ணாச்சி, மண்டைக்குள்ள ஏதாவது இருந்தாத்தான அது கெடும்?"

பதில் யோசிக்க நேரம் தேவைப்பட்டது.

17 நவம்பர், திங்கள்

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருந்தேன். ரேடியோவில் உழவர் நிகழ்ச்சி, பருத்தியில் காய்ப்புழு. இரண்டு மணி பத்து நிமிடம்.

டட்டட்... டட்டட்... டர்ர்ர்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டில்! வடிவு அடுப்படியிலிருந்து வந்தாள். "பெட்டில தூசிங்க" என்று சொல்லி ரேடியோவைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கம்பெனிப் பெட்டியைத் துடைக்க உள்ளே கொண்டுபோனாள். அவளுக்கு இந்தச் சத்தத்தின் பயங்கரம் தெரியாது. பாவம்.

வீட்டில் இருப்பது நானும் அவளும். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். சிம் போன் எங்கிருந்து வந்தது?

18 நவம்பர், செவ்வாய்

மதியம் 1.50. மறுபடி 2.25. தனியாகக் குறிக்கத் தொடங்கிவிட்டேன்.

19 நவம்பர், புதன்

1.40, 2.05, 2.30, 2.50. வடிவு நாலு தடவை பெட்டி துடைத்தாள். கம்பெனி மேல் எனக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது.

21 நவம்பர், வெள்ளி

சந்தேகப் பட்டியல்.

பால்துரை. என் ரேடியோ வித்தையால் நொந்துபோய், எங்கள் தெருவைப் பார்த்து அலையை ஏவிவிடுகிறான். அப்படி ஏவ முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் அவன் செய்யக்கூடியவன். பூத் காலத்தில் மீட்டரை உற்றுப் பார்த்தே வேகமாக ஓடவைப்பான்.

கேபிள்காரன். ஏன் என்று தெரியவில்லை, முகம் அப்படி.

அடுத்து யார் என்று யோசித்தபோது பேனா நின்றுவிட்டது. வீட்டில் இன்னொருத்திதான் இருக்கிறாள்.

சேச்சே.

வடிவு கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டைச் சோதித்தேன். அரிசி டிரம், உளுந்து டப்பா, பீரோவில் பட்டுப்புடவை மடிப்பு, சாமி படத்துக்குப் பின்னால், அவளுடைய இன்சூரன்ஸ் பை. ஒன்றும் இல்லை. அரிசி டிரம்முக்குள் தோள்வரை கையைவிட்டதில் மூக்குக்கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டது. எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்துவிட்டாள்.

"என்னங்க தேடுறீங்க?"

"அரிசில வண்டு இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கா?"

"இன்னும் தெரியல."

ரேடியோ பக்கத்திலும் நன்றாகத் தேடினேன். கம்பெனிப் பெட்டியும் ரேடியோவும் தவிர அங்கே எதுவும் இல்லை.

27 நவம்பர், வியாழன்

எழுதவே கை வரவில்லை.

காலை பதினொன்றுக்கு பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் பழகின குரல். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப் பிளைவுட்டில் வைத்துக் காதைப் பொருத்தினேன். வடிவு!

"அவருக்குத் தெரியாமப் பாத்துக்கங்க தம்பி."

"மைனி, நூறு வர்ற வரைக்கும் நான் வாயத் தெறக்கமாட்டேன். அந்தப் பக்கம் அவரு காலி பண்ணிட்டா புரோட்டாக் கடைக்கு விடப் போறேன்னு பில்டிங்காரர் சொல்லிட்டாரு. நாள் பூரா கல்லுல தட்டுற சத்தத்துல நான் எப்படிப் போன்ல பேசுறது? அதுக்கு அண்ணாச்சியே தேவலாம்."

"கார்டு தீந்துபோச்சு. முந்நூறு ரூபா ரீசார்ஜ் கார்டு ஒண்ணு குடுங்க."

இதற்குமேல் கேட்கவில்லை, ஒரு வாடிக்கையாளர் வந்து, "அண்ணாச்சி, டம்ளர்ல என்ன கேக்குது?" என்றார். தண்ணீர்க் குழாய் கசிகிறது என்றேன். பிளைவுட்டில் ஏது குழாய் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

நூறு வருகிற வரைக்கும்! திட்டம் விளங்கிவிட்டது. நான் கஷ்டப்பட்டு நூறைத் தொட்டதும், பதினான்காவது விதியைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போய் நிற்கப்போகிறான். புரோட்டாக் கடை என்பது ஏதோ சங்கேத மொழி.

வடிவுமா?

இருபத்திரண்டு வருடம்.

28 நவம்பர், வெள்ளி

மதியம் சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. குற்றமுள்ள மனசு இவ்வளவு அளவாக உப்புப் போடுமா? போடும். அதுதான் கைதேர்ந்தவர்கள் லட்சணம்.

3 டிசம்பர், புதன்

உள்ளூர் கேபிளில் விளம்பரம் கொடுத்தேன். ஒரு பெண் குரல், 'ஊருக்குள்ளே உறவாட ஒரே போன்' என்று கொஞ்சும். வாசகம் என்னுடையது.

9 டிசம்பர், செவ்வாய்

விளம்பரம் பிய்த்துக்கொண்டு போகிறது. ஐம்பத்தெட்டு! தீப்பெட்டி ஆபீஸ் சூப்பர்வைசர், தையல்காரர், இரண்டு டீச்சர்கள், மாவு மில்காரர். எல்லோரும் சொல்வது ஒன்றே: "அக்கா சொன்னாங்க." அந்தக் கேபிள் குரலுக்கு ஊரே மயங்கிக் கிடக்கிறது. தையல்காரர் இன்னும் ஒரு படி மேலே: "உங்களுக்கு டவுனுக்குள்ளதான் சுத்து, உங்களுக்கு அந்த போனே போதும், மலிவுன்னு அக்கா வெவரமா எடுத்துச் சொன்னாங்க." விளம்பரத்தில் இவ்வளவு நீளமாகப் பேசச் சொன்ன ஞாபகம் இல்லை. கேபிள்காரன் சொந்தமாகச் சேர்த்திருப்பான். முகம் அப்படி என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

13 டிசம்பர், சனி

பொறி வைத்தேன்.

காலையில் மதுரை போகிறேன் என்று பையோடு கிளம்பினேன். வடிவு தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றே முக்காலுக்கு என் வீட்டு ஜன்னலுக்குக் கீழே, செம்பருத்திச் செடிக்குப் பின்னால் குந்தினேன். இந்த உடம்புக்குக் குந்துவது லேசில்லை.

ஒன்று ஐம்பதுக்கு ரேடியோ இழுத்தது. பெட்டியை எடுக்கும் சத்தம். பிறகு அவள் குரல்! பக்கத்து வீட்டுக் கிரைண்டர் வேறு ஓடியது. துண்டு துண்டாகத்தான் காதில் விழுந்தது.

"...இல்ல, அவருக்குத் தெரியாது... நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிராதீங்க... தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிருவாரு... குழந்தை மாதிரி..."

யார் குழந்தை மாதிரி?

பக்கத்து வீட்டு ராஜம்மாள் காம்பவுண்டுக்கு மேலாகத் தலை நீட்டினாள். "ஏன் அண்ணாச்சி, உங்க வீட்டுக்குள்ள நேரா வாசல் வழியாப் போறதில்லையா?"

"செம்பருத்திக்கு உரம் வைக்கிறேன்."

"வெள்ளை வேட்டியோடயா?"

உள்ளே குரல் நின்றுவிட்டது. எழுந்திருக்க ராஜம்மாள் கைகொடுக்க வேண்டியதாயிற்று.

18 டிசம்பர், வியாழன்

மார்கழிக் கோலத்தில் பூசணிப்பூ வைத்துவிட்டு வந்த வடிவைப் பொதுவாகக் கேட்டேன்.

"வடிவு, ஒரு பேச்சுக்குக் கேக்கேன். கூடவே இருக்கிற ஒரு ஆளு நமக்குத் தெரியாம எதிர்க்கட்சியோட சேந்துட்டா என்ன செய்யலாம்?"

"எதுக்குச் சேந்தாங்கன்னு கேக்கலாம்."

"கேட்டா உண்மையச் சொல்லுவாங்களா?"

"கேக்குற விதத்தப் பொறுத்து." காபியை வைத்தாள். "அன்னைக்குச் சங்கத்துல என்கூடப் போன்ல பேசினீங்களே, அதப் பத்தி நான் ஏதாவது கேட்டேனா?"

காபி சூடாக இருந்தது. ஒரே மடக்கில் குடித்தேன்.

24 டிசம்பர், புதன்

எண்பத்தெட்டு.

மேனேஜர் ஆராவமுதன் மதுரையிலிருந்து போன் செய்தார். முப்பத்தொன்றாம் தேதி நேரில் வந்து கணக்கைப் பார்ப்பாராம். பக்குவமாகச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. வீடு! ரேடியோ!

30 டிசம்பர், செவ்வாய்

தொண்ணூற்றொன்பதில் நின்றுவிட்டது. மூன்று மணிவரை ஒரு ஈ உள்ளே வரவில்லை. நாலு மணிக்குப் பால்துரை, பிளைவுட்டைச் சுற்றி, ஏழு மாதத்தில் முதல் தடவையாக என் பக்கம் வந்து நின்றான்.

"ஒரு போன் குடுங்க அண்ணாச்சி."

"எதுக்கு? பிரிச்சுப் பாக்கவா?"

"மாமியாருக்கு. எங்க கம்பெனி போன் வாங்கிக் குடுத்தேன், உடனுக்குடனே கெடைக்குது, ஒரு நாளைக்கு எட்டு தடவ பேசுறாங்க. உங்க கம்பெனின்னா ஒருத்தருக்கும் கஷ்டம் இல்ல."

அவமானத்தை விழுங்கிக்கொண்டு ஃபாரம் எழுதினேன். நூறு! ஆனால் அவன் வாக்கு ஞாபகம் இருக்கிறது: நூறு வருகிற வரைக்கும் வாய் திறக்கமாட்டான். நாளை திறப்பான்.

31 டிசம்பர், புதன்

ஆராவமுதன் பன்னிரண்டரைக்கு வந்தார். முப்பது வயதுப் பிள்ளை; டை கட்டிய கழுத்து, சோர்ந்த கண். கடையில் நூறு ஃபாரத்தையும் எண்ணி, "எக்ஸலன்ட் சார்" என்றார். பால்துரை அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினான். நான் அதைக் கேட்காதவன்போல் மேனேஜரை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரேடியோவை அணைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அணைத்தேன். வடிவு, "விருந்தாளி வந்திருக்கும்போது பாட்டு இருந்தா நல்லாருக்கும்" என்று போட்டாள். நான் அணைத்தேன். அவர், "இருக்கட்டுமே சார், எனக்கும் ரேடியோ பிடிக்கும்" என்றார். போட்டேன்.

வாழையிலை. கத்தரிக்காய்க் கூட்டு, அவரைப் பொரியல், வடை. சாம்பார் முடிந்து ரசம் ஊற்றியபோது ஒன்று நாற்பது.

டட்டட்... டட்டட்... டர்ர்ர்.

மேனேஜரின் கை இலையில் அப்படியே நின்றது. செல்போன் கம்பெனிக்காரருக்கு அந்தச் சத்தம் தெரியாதா? நான் வடிவைப் பார்த்தேன். வடிவு ரேடியோவைப் பார்த்தாள். ஏஜென்சி, கடை, இருபத்திரண்டு வருடம், எல்லாம் அந்த 'டர்ர்ர்'ரில் போய்விட்டது என்றே நினைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நிமிடத்தில் எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அவளை அவர் முன்னால் தலைகுனிய விடக்கூடாது என்று மட்டும்தான் தோன்றியது.

"சார், அது என்னுடைய..." என்று ஆரம்பித்தேன்.

"ஸாரி சார்!" என்றார் ஆராவமுதன், எனக்கு முந்தி. எச்சில் படாத இடது கையால் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். சிம் போன். "கம்பெனிக்குத் தெரியவேண்டாம் சார். அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க. நம்ம போன் அந்த வார்டுக்குள்ள எடுக்கல. எத்தனை நாள் ரோட்டுல நின்னு பேசுறது?" பிறகு போனை உற்றுப் பார்த்தார். "ஆனா... இதை ஆஃப் பண்ணித்தானே வச்சிருக்கேன்?"

ரேடியோ மறுபடி இழுத்தது.

வடிவு போய், ரேடியோவைத் தூக்கிக் கீழே வைத்து, கம்பெனிப் பெட்டியைத் திறந்து, அதற்குள் துணியில் சுற்றியிருந்த போனை எடுத்தாள். "என்னுது" என்றாள். பிறகு காதில் வைத்து, "சொல்லு அன்னத்தாய். எழுந்து நடக்காரா? வாக்கர் இல்லாமலா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

கூடத்தில் நாங்கள் இரண்டு பேர். ரசம் இலையை விட்டு ஓடாமல் ஆளுக்கொரு சோற்று அணை கட்டினோம்.

"இன்னும் கொஞ்சம் ரசம் கிடைக்குமா சார்?" என்றார் ஆராவமுதன்.

அறிக்கையில் எழுதியது: 'டீலர் வீட்டுச் சூழ்நிலை கம்பெனிக்கு முழுத் திருப்தி அளிக்கிறது.'

1 ஜனவரி 2004, வியாழன்

வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். நான் கேட்ட விதம் சரியாக இருந்தது போலிருக்கிறது.

"அன்னத்தாய் போன் போட்டப்பல்லாம் ஒரு பொம்பளக் குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்காருன்னு சொல்லியிருக்கு. அது நான்தான்னு நெனச்சிருக்கா. 'புருஷன் சாகக் கெடக்கையில ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க'ன்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்ல?"

போனைச் சத்தம் வராமல் வைத்துக்கொண்டு, ரேடியோ இழுத்தால் அழைப்பு என்று தெரிந்துகொள்வாளாம். பெட்டியை நான் திறக்கவே மாட்டேன் என்று நிச்சயமாகத் தெரியுமாம். கடையில் நாள்பூரா அதைத்தானே பார்க்கிறேன்.

என் நூறில் ஐம்பத்தேழு பேரை அந்தப் போனில் பேசி அனுப்பியது அவள்தான் என்கிறாள். கேபிள் விளம்பரத்தின் வலிமையை அவள் குறைத்து மதிப்பிடுகிறாள். வாதாடவில்லை.

எப்படியும் விதி விதிதான். எதிர்க் கம்பெனி இணைப்பை என் வீட்டுக்குள் கொண்டுவந்தது அவள் செய்த தப்பு. நான் கையால்கூடத் தொடாத விஷயம். ஒன்றரை மாதம் என்னைச் சந்தேகத்தில் வறுத்தெடுத்தாள். இருந்தாலும் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டேன். அவள் சிரித்தாள். நன்றியால் இருக்கும்.

6 ஜனவரி, செவ்வாய்

பிளைவுட்டுக்கு மேலே பால்துரையின் கை நீண்டது, கையில் ஒரு ஃபாரம்.

"அண்ணாச்சி, எங்க கம்பெனில பழைய ஃபாரத்தையெல்லாம் திருப்பி அனுப்பிச் சரிபாக்கச் சொல்லியிருக்காங்க. மைனி நம்பருக்கு இன்னொரு கையெழுத்து வேணும்."

"அத அவகிட்டப் போய் வாங்கு. என்கிட்ட எதுக்கு நீட்டுற?"

"சந்தாதாரர்கிட்டதான வாங்கணும்? மைனிகிட்ட முகவரிக்கு ஆதாரம் ஒண்ணும் இல்ல. கரண்ட் பில் உங்க பேர்லதான இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். பெயர்: ந. குமரகுருபரன். நாள்: 9.11.2003. கீழே கையெழுத்து.

பச்சை மை.